நாலு அடி

முதலில் வாங்கியது பட்டன் வைத்தது.
இந்திராநகர் கடைப் பையன்
கட்டைவிரலால் அழுத்தி அழுத்திக் காட்டினான்:
"அஞ்சு மீட்டர் மேடம், ஃப்ரீயா ஓடும்.
வேணாம்னா லாக்."
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
உள்ளே சுருண்டிருந்த கயிறு
பாவாடை நாடாவைவிட மெல்லிசு.

ஸ்டெப்னி பிறந்தது
முருகேஷ்பாளையா பங்க்சர் கடையில்,
லாரி டயரின் குழிக்குள்.
பெயர் வைத்தவர் கடைக்கார ஹம்ஸா.
நான் வாடகைக்கு வந்த வாரம்
என் பின்னாலேயே மூன்று மாடி ஏறி வந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால்,
பழைய ஏர்போர்ட் ரோடு.
குப்பை மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு பெருச்சாளி.
பட்டனை அழுத்தினேன்.
அழுத்தத்தான் செய்தேன்.
அதற்குள் அஞ்சு மீட்டரும் ரோட்டுக்குள் இருந்தது.
கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓட
கைப்பிடி நழுவி விழுந்து
கடகடவென்று அவள் பின்னாலேயே போனது.
துரத்துவது என்னவென்று தெரியாமல்
அவள் இன்னும் வேகம் பிடித்தாள்.
துரத்தியது நான் கொடுத்த சுதந்திரம்
என்று எழுதினால் அழகாக இருக்கும்.
துரத்தியது கால் கிலோ பிளாஸ்டிக்.

முன்னூற்று முப்பத்தைந்து இ பஸ்.
பிரேக்.
உள்ளே நின்றிருந்தவர்கள் எல்லாரும்
ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்ததைப் பார்த்தேன்.
யாரும் திட்டவில்லை.
டிரைவர் மட்டும் ஜன்னலில் தலையை நீட்டி
கன்னடத்தில் கேட்டார்:
அது உங்களுதா?

கையில் கயிறு இல்லாதபோது
அதற்கு என்ன பதில் சொல்வது?

ஹம்ஸா ஒரு பழைய இண்டிகாவின்
சீட் பெல்ட்டை வெட்டிக் கொடுத்தார்.
"ஒரு டன் தாங்கும்" என்றார்.
எனக்குத் தேவை பதினேழு கிலோ.
பேக் தைக்கிற சலபதி
ஒரு முனையில் வளையம், மறுமுனையில் பித்தளைக் கொக்கி,
இரட்டைத் தையல் போட்டு நிமிர்ந்து,
"நாலு அடிதானே?" என்றார்.
நாலு அடிதான்.
கழுத்துப்பட்டை வேண்டாம்.
தெருநாய்க்குக் குறுகிய தலை,
பயந்து பின்வாங்கினால் உருவிக்கொண்டு வந்துவிடும்.
மார்பைச் சுற்றி ஒரு வார், அதில் கொக்கி.

பழக்கியது ரோட்டில் அல்ல, மொட்டை மாடியில்.
பிறகு படிக்கட்டு. பிறகு சந்து.
பதினோராம் நாள்தான் ரோட்டின் விளிம்பு.
"வா" என்றால் திரும்ப மாட்டாள்;
டயர் மாற்ற வந்தவர்கள் எல்லாரும்
"பா" என்றே கூப்பிட்டிருக்கிறார்கள்.
"உட்கார்" நீளம்.
சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஆட்டோ போய்விடும்.
"நில்லு" மட்டும், நல்லவேளை,
இரண்டு பாஷைக்கும் ஒன்று.

நில்லு. உப்பில்லாத வேர்க்கடலை ஒன்று.
நில்லு. வேர்க்கடலை.
வார் கொடியில் காயும் துணியாட்டம் தொங்கினால் நட.
விறைத்தால் நின்றுவிடு.
பேசாதே, இழுக்காதே, மரமாகு.
நடைபாதை இருந்தால் நடைபாதை.
இல்லாவிட்டால், அதாவது பெரும்பாலும்,
சுவர்ப்பக்கம் அவள், வண்டிப்பக்கம் நான்.
நடைபாதை மேலேயே ஏறி வருகிற ஸ்கூட்டருக்கு
எந்தப் பக்கம் ஒதுங்குவதென்று
இரண்டு பேருக்குமே இன்னும் பிடிபடவில்லை.

நேற்று பால் பாக்கெட் வாங்க நான் மட்டும் போனேன்.
தூறலுக்கு அவள் வரவில்லை,
கட்டிலுக்கடியில் கிடந்தாள்.
ரோட்டின் விளிம்பில் கால் தானாக நின்றது.
வலப்பக்கம், இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம்,
ராங் சைடில் வருகிறவனுக்காக
இன்னொரு தடவை இடப்பக்கம்.
பின்னால் வந்தவர் என்மேல் இடித்து
"ஹோகி மேடம்" என்றார்.
ரோடு காலியாகத்தான் இருந்தது.
என் இடது கை எதையோ பிடித்திருந்தது.
வலது கை பைக்குள் போய்
ஒரு வேர்க்கடலையை எடுத்து
முழங்கால் உயரத்தில் நீட்டியது.

யாரும் வாங்கவில்லை.
தோலை ஊதிவிட்டு
நானே தின்றபடி
கடந்தேன்.